பின்கட்டில் நிற்கும் தங்கள் டிராக்டரின் எண்ணெய் ஒழுக்கு குறித்து

தியாகராய நகர், சென்னை.
சர்வதாரி வருஷம், ஆவணி மாதக் கடைசி.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அய்யாதுரை அவர்கள் சமூகத்துக்குக் கணேசமூர்த்தி எழுதிக்கொண்டது.

இவ்விடம் தங்கள் தங்கை தங்கபுஷ்பம் சௌக்கியம். நான் சுமார். தங்கள் டிராக்டரும் நேற்று முதல் சௌக்கியம் என்று சொல்லும்படி இருக்கிறது. அவ்விடம் அத்தையும் அக்காவும் குழந்தைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லித் தங்கபுஷ்பம் பக்கத்தில் நிற்கிறாள். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தான் எழுதிய கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. முதல் கடிதத்தில் எங்கள் க்ஷேமத்தை விசாரித்துவிட்டு டிராக்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடுத்ததில் க்ஷேமத்தை விட்டுவிட்டீர்கள். கடைசியாக வந்த கார்டில் 'மிஷின் எங்கே?' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் கார்டு பாதி எண்ணெயில் நனைந்து வந்து சேர்ந்தது. காரணம், அதைக் கொண்டுவந்த தபால்காரர் எங்கள் வீட்டுச் சந்தில் சைக்கிளோடு சறுக்கி விழுந்து, பையிலிருந்ததையெல்லாம் தரையில் பரப்பிவிட்டார். அவரைச் சறுக்கவைத்தது தாங்கள் எங்கே என்று கேட்டிருந்த அதே மிஷின்தான். ஆகவே கேள்வியும் பதிலும் ஒரே சமயத்தில் என் கைக்கு வந்தன.

கோமாரி நோயில் உழவு மாடுகள் எல்லாம் போய்விட்டன, புரட்டாசி மழைக்குள் கரிசலை உழுது போடாவிட்டால் இந்த வருஷம் பருத்தியும் இல்லை கம்பும் இல்லை, பட்டாளத்தார் விட்டுப்போன டிராக்டர் ஒன்றைப் பார்த்து வாங்கி ரயிலேற்று என்று அத்தான் எழுதியபோது, நான் ஜவுளிக்காரன் என்பது தங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். இருந்தும் எழுதினீர்கள், நானும் போனேன். பல்லாவரம் பக்கத்தில் ஒரு மைதானத்தில் லாரிகளும் ஜீப்புகளும் புல் முளைத்துக் கிடந்த இடத்தில் தங்கள் டிராக்டரும் நின்றது. அமெரிக்கா வண்டி. விமானத்தளத்தில் மண் தள்ளிக்கொண்டிருந்ததாம். ஏஜெண்டு ஒருவர் என்ஜினைக் கிளப்பிக் காட்டினார். அப்புறம் ஒரு சிறு நெம்புகோலைத் தொட்டார். உடனே பின்பக்கம் இரண்டு இரும்புக் கைகள் கலப்பையைத் தூக்கிக்கொண்டு தாமாகவே மேலே எழுந்தன. உள்ளே பம்பு ஒன்று எண்ணெயை அழுத்திக் குழாய் வழியாக அனுப்புகிறது, அந்த எண்ணெயின் பலத்தில் கை எழும்புகிறது, மனுஷன் ஒரு விரல் கூட நோக வேண்டாம் என்றார். நான் சேலைத் தலைப்பைப் பார்ப்பதுபோல வண்டியை முன்னும் பின்னும் பார்த்தேன், இரண்டு விரலால் தடவியும் பார்த்தேன். விரல் எண்ணெயாயிற்று. மிஷின் என்றால் எண்ணெய் இருக்கத்தானே செய்யும் என்று சட்டையில் துடைத்துக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டேன். அந்த எண்ணெய் அங்கே இருக்கக் கூடாத எண்ணெய் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தூக்கிய கலப்பை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, உஸ்மான் ரோட்டில் ஒரு கோடு கிழித்துக்கொண்டே வந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு. பின்கட்டில் நிறுத்திய பிறகும் ஒழுகியது. குழாயும் குழாயும் சேரும் இடத்தில் பித்தளை நட்டுகள் இருக்கின்றன. அந்த மூட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒழுகியது. கீழே ஒரு தாம்பாளத்தை வைத்தேன். அது நிரம்பியதும் அண்டாவை வைத்தேன். தங்கபுஷ்பம் வந்து பார்த்தாள். "ஏங்க, எங்க அண்ணன் உழுறதுக்கு வண்டி கேட்டாகளா, செக்கு கேட்டாகளா?" என்றாள். அத்தான் தவறாக நினைக்க வேண்டாம். அவள் தங்களைக் குறை சொல்லவில்லை, என்னைத்தான் சொன்னாள்.

கையில் உள்ள சரக்கைக் கொண்டு காரியம் பார்ப்பது வியாபாரியின் பழக்கம் ஆனபடியால், கடையிலிருந்து கோரா துணி கொண்டுவந்து ஒவ்வொரு மூட்டையும் இறுக்கிக் கட்டினேன். துணி நனைந்தது. அதன்மேல் இன்னொரு சுற்று கட்டினேன். அதுவும் நனைந்தது. பொழுது சாய்வதற்குள் வண்டியின் பின்புறம் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் கால் போல ஆயிற்று. மறுநாள் ஸ்பானர் ஒன்றை வாங்கிவந்து நட்டுகளை முறுக்க ஆரம்பித்தேன். முறுக்க முறுக்க ஒழுக்கு குறைந்தது. இவ்வளவுதானா என்று நினைத்து, குறைந்ததை அடியோடு நிறுத்திவிடலாம் என்று கடைசியாக இருந்த நட்டை உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. என்ஜினைக் கிளப்பி நெம்புகோலைத் தொட்டதும் அந்த இடத்திலிருந்து எண்ணெய் ஒரு கம்பி போலப் பீய்ச்சி, பின்சுவரில் பொங்கலுக்கு அடித்த வெள்ளையை மறைத்து, வழியில் உலர்ந்துகொண்டிருந்த என் ஜிப்பாவையும் சேர்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டு முருங்கை வரைக்கும் போயிற்று. போன எண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்ற வேண்டுமே. மிஷின் எண்ணெய் லேசில் கிடைக்கிற காலமா இது? வீட்டில் விளக்கெண்ணெய் இருந்தது. ஊற்றினேன். விளக்கெண்ணெய் ஊற்றியதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

வெடித்த நட்டைப் பார்த்துத் தங்கபுஷ்பம், "தெரிஞ்சவுகளக் கூப்பிடுங்க" என்றாள். எனக்குத் தெரிந்தவர் ராமானுஜம். மயிலாப்பூர் மாடவீதியில் இருக்கிறார், கடைக்குப் பழைய வாடிக்கை. ஒரு ஜமீன் அரண்மனையில் தண்ணீர்க் குழாய்களுக்கு இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் ஒரு நாற்காலி கேட்டார். உட்கார்ந்தார். காப்பி கேட்டார். குடித்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"ஜலமானா என்ன, எண்ணெயானா என்ன? ஒழுகறதுன்னா ஒழுகறதுதான். மூட்டுல சணலைச் சுத்திண்டு, வெள்ளைப் பூச்சைத் தடவிண்டு முறுக்கினா ஆச்சு. அரண்மனை பூரா இப்படித்தான் பண்ணியிருக்கேன். இன்னிக்கும் ஒரு சொட்டு ஒழுகாது."

"அந்த ஜமீன் இப்போ எப்படி இருக்கு?" என்று மரியாதைக்காகக் கேட்டேன்.

"ஜமீன் போயிடுத்து. குழாய் நிக்கறது" என்றார்.

அதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வெடித்த நட்டுக்குப் பதில் பழைய இரும்புக் கடையில் ஒன்று தேடிப் போட்டோம். அவர் நாற்காலியில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு மூட்டாகக் கழற்றி, சணல் சுற்றி, பூச்சுத் தடவி முறுக்கினேன். என்ஜினைக் கிளப்பினேன். நெம்புகோலைத் தொட்டதும் கைகள் கலப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தன. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ராமானுஜம் இன்னொரு காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார். அவர் போன பிறகு கலப்பையை இறக்கலாம் என்று பார்த்தால் அது இறங்கவில்லை. நெம்புகோலை இழுத்தேன், தள்ளினேன், என்ஜினை நிறுத்திப் பார்த்தேன். கைகள் இரண்டும் சாமி கும்பிடுகிறவன் போல ஆகாயத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டன. மறுநாள் செய்தி அனுப்பினேன். "ஏற்றம் பாஸ், இறக்கம்தான் பாக்கி. யோசிக்கிறேன்" என்று பதில் வந்தது. அவர் யோசித்த நாட்களில் தங்கபுஷ்பம் அந்தக் கைகளில் சேலைகளை உலரப் போட்டாள். பின்கட்டில் வெயில் நன்றாக விழும் இடம் இப்போது அதுதான் என்றாள். எனக்கும் அதில் ஆட்சேபம் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் நான் சொல்லியனுப்பியிருந்த குலாம் முகம்மது வந்தார். ராயப்பேட்டையில் லாரி ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். மெட்ராஸில் ஓடுகிற எந்த வண்டியும் தன் கையில் படாமல் ஓடவில்லை என்று அவரே சொல்வார். உள்ளே நுழைந்ததும் தரையில் அவிழ்த்துப் போட்டிருந்த கோரா துணிக் கட்டுகளைப் பார்த்து, "இன்னா மொதலாளி, வண்டிக்குப் பிரசவமா?" என்று கேட்டார். ஒரு மூட்டைச் சுரண்டி, விரலில் ஒட்டியதை மோந்து பார்த்தார். "இதுல இன்னா ஊத்துனே?" என்றார். விளக்கெண்ணெய் என்றேன். "பேதிக்குக் குடுத்துக்கினு கீறியா? ரெண்டு எண்ணெயும் சேராது நைனா. உள்ள கூழாகிக் கீது" என்றார். அதற்குள் ராமானுஜமும் யோசித்து முடித்து வந்து சேர்ந்துவிட்டார். இருவருக்கும் அறிமுகம் செய்துவைத்தேன். அது தேவையில்லாத காரியம்.

"ஐயிரே, இது குடிதண்ணி கொழா இல்ல. உள்ள கீற பிரஷரு ஆளையே தூக்கும். உன் சணலு பிஞ்சு உள்ள போய்க்கினு, வழியெல்லாம் அடைச்சிக்கினு கீது."

"சணல் மேல தப்பு சொல்லாதீர். சுத்தினவாளுக்குச் சரியாச் சுத்தத் தெரியலே."

சுற்றியவன் நான்.

எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெய் விட்டு அலசுவது என்று முடிவாயிற்று. குலாம் முகம்மது வண்டிக்குப் பின்னால் ஒரு ஓரமாகக் குந்தி உட்கார்ந்து முதல் நட்டில் ஸ்பானரை மாட்டினார். அத்தான், இதுவரை எழுதியதெல்லாம் எப்படியோ போகட்டும், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கலப்பை மேலே நிற்கிறது என்றால் அதைத் தாங்கிக்கொண்டு நிற்பது குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்தான். மூட்டைத் தளர்த்தினால் தாங்குவது போய்விடும். இது குலாம் முகம்மதுக்குத் தெரியும். ஆனால் ராமானுஜத்தோடு வாக்குவாதம் பண்ணிக்கொண்டே வேலையில் இறங்கியதால், அடியில் கட்டை கொடுக்க மறந்துபோனார். நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினார். அவ்வளவு நாளும் ஆகாயத்தைப் பார்த்து நின்ற இரும்பு ஒரே மூச்சில் கீழே வந்தது. வீடு அதிர்ந்தது. அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. தூசி அடங்கிய பிறகு பார்த்தால், வண்டிக்குப் பின்னால் தங்கபுஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். கலப்பைக்கு அடியில் நின்று சேலைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பால் பொங்கும் வாசனை வந்து வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறாள். கடைசிச் சேலை மட்டும் பின்னால் இழுபட்டது. "இது என்ன, சேலை வரமாட்டேங்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அதன் முந்தானை கலப்பைக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது.

குலாம் முகம்மது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "யா அல்லா" என்றார், வேறு யாரோ பேசுவதுபோல. ராமானுஜம் நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டார். பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அதை இறக்கிவைக்க நான்தான் உள்ளே போனேன், போனவன் அங்கேயே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு வெளியே வந்து, இந்த வண்டி எனக்கு வேண்டாம், இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன், அத்தானுக்கு நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, முருங்கை வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தங்கபுஷ்பம் சேலையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "எனக்கு ஒண்ணும் ஆகல, பாத்துக்கிடுங்க. இந்தா நிக்கேன்லா?" என்றாள். அப்புறம், "எங்க அண்ணன் தொழுவுல ஒரு மாடு இல்ல. அவுக அந்தக் கரிசக் காட்ட வெறுமன பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக. அத எழுதக்கூட மாட்டாக, 'மிஷின் எங்க'ன்னுதான் எழுதுவாக. நீங்க இதச் சரி பண்ணுங்க. மூணு பேரும் சேந்து பண்ணுங்க. சண்ட போடாமப் பண்ணுங்க" என்றாள். சொல்லிவிட்டு, கலப்பையின் அடியில் மாட்டிய முந்தானையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, மிச்சச் சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு இருவரும் மாறிப்போனார்கள். குலாம் முகம்மது தானே போய்ப் பெரிய மரக்கட்டைகளாகக் கொண்டுவந்து கலப்பையின் அடியில் அடுக்கினார். ராமானுஜம் நாற்காலியை விட்டு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். குழாய்களைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு, அடைத்திருந்த சணலையும் கூழையும் கம்பி போட்டு இழுத்தோம். வந்ததைப் பார்த்தால் அதைக் கொண்டு கயிறு திரிக்கலாம் போலிருந்தது. சுத்தமான மிஷின் எண்ணெய்க்குக் குலாம் முகம்மது ஏற்பாடு பண்ணினார். மூட்டுகளுக்குள் போடும் செம்பு வாசர்களை எங்கள் அடுப்பிலேயே சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டெடுத்தார். அப்படிச் செய்தால் செம்பு மெத்தென்று ஆகி மூட்டோடு படிந்து உட்காருமாம். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி என்ஜினைக் கிளப்பினோம். ஒழுகியது. பழையபடி எல்லா மூட்டிலும் ஒழுகியது. குலாம் முகம்மது மறுபடி ஸ்பானரை எடுத்தார்.

"இருமய்யா" என்றார் ராமானுஜம். "எது ஒழுகறதுன்னே தெரியாம எல்லாத்தையும் முறுக்கிண்டிருக்கோம். மேல ஒழுகினா கீழ இருக்கறதெல்லாம் நனையாதோ? முதல்ல துடைக்கணும். சொட்டு ஈரம் இல்லாமத் துடைச்சு, மேல பவுடர் போடணும்."

"பவுடரா? இன்னா பவுடரு?"

"எதுவானாலும் சரி. வெள்ளையா இருக்கணும்."

வீட்டில் வெள்ளையாக இருந்தது தங்கபுஷ்பத்தின் முகப் பவுடர். தரமாட்டாள் என்று நினைத்தேன். டப்பாவையே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று எங்கெங்கே பூசவில்லை என்று காட்டவும் செய்தாள். துடைத்துப் பவுடர் போட்டு முடித்தபோது வண்டியின் பின்புறம் கல்யாண வீடு மாதிரி மணத்தது. "பொண்ணு பாக்க வர்றாங்களா மொதலாளி?" என்றார் குலாம் முகம்மது. ராமானுஜம் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். விரலை எங்கேயும் வைத்துப் பார்க்கக் கூடாது, பிரஷரில் வருகிற எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள் ஏறிவிடும் என்று சொல்லி, குலாம் முகம்மது எல்லோரையும் தள்ளி நிற்கவைத்தார். என்ஜினைக் கிளப்பினோம். கைகள் எழுந்தன. நாங்கள் எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு மூட்டில்கூட ஒன்றும் வரவில்லை. அப்புறம் தங்கபுஷ்பம்தான் கையை நீட்டினாள். டிரைவர் ஸீட்டுக்கு அடியில், யார் கண்ணும் போகாத வளைவில், ஒரு குழாயின் கழுத்தில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு தோன்றியது. பொட்டு நீண்டு கோடாயிற்று. கோடு குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முதல் மூட்டுக்கு வந்து, அதை நனைத்து, அடுத்ததுக்குப் போயிற்று.

இத்தனை நாளும் நாங்கள் துணி கட்டி, சணல் சுற்றி, முறுக்கி உடைத்ததெல்லாம் ஒரு பாவமும் அறியாத மூட்டுகள். வெடிப்பு இருந்தது வேறு இடத்தில். வண்டியின் இரும்புச் சட்டத்தில் உராய்ந்து உராய்ந்து குழாய் மயிரிழை அளவுக்குக் கீறியிருந்தது. சணல் சுற்றிய அன்று ஒழுகாமல் இருந்ததற்குக் காரணம், உள்ளே போன சணலும் கூழும் அந்தக் கீறலையும் அடைத்திருந்ததுதான். குலாம் முகம்மது அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, பழைய லாரி ஒன்றின் பிரேக் குழாயிலிருந்து அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, நுனியைப் பூப்போல விரித்து, நட்டைப் போட்டு முறுக்கினார். இறுகிய பிறகு பழக்கதோஷத்தில் இன்னும் ஒரு முறுக்குக்கு ஸ்பானரை மாற்றிப் பிடித்தார். ராமானுஜம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும்" என்றார். குலாம் முகம்மது ஒரு நிமிஷம் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு, "சரி சாமி, போதும்" என்று ஸ்பானரை எடுத்துவிட்டார். மறுபடி பவுடர் போட்டோம். என்ஜினைக் கிளப்பினோம். பவுடர் பவுடராகவே இருந்தது.

உழுது பார்க்காமல் ரயிலேற்றக் கூடாது என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டதால், தரமணிப் பக்கம் கொண்டுபோனோம். அங்கே மண்ணாங்கட்டி என்று ஒருவருக்கு மேட்டு நிலம் இருக்கிறது. உழுதுகொள்ளுங்கள், எனக்கென்ன நஷ்டம் என்றார். பின்னால் ஒழுக்கைப் பார்க்க ராமானுஜத்துக்கும் குலாம் முகம்மதுக்கும் கண் வேண்டியிருந்ததால், ஓட்டுவதற்கு மிச்சம் இருந்தவன் நான் ஒருவன். குலாம் முகம்மது சொல்லிக்கொடுத்தார். அதில் பிரமாதமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நெம்புகோலைத் தொட்டால் கலப்பை இறங்குகிறது. வண்டி நகர்ந்தால் மண் புரள்கிறது. வரப்பு வந்ததும் மறுபடி தொட்டால், கலப்பை மண்ணை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறது. திரும்பிப் பார்த்தால், பின்னால் நிலம் ஒரே வாக்கில் மடிப்புக் கலையாத வேட்டி மாதிரி விரிந்து கிடக்கிறது. ஈர மண்ணின் வாசனை என்ஜின் புகையையும் மீறி வருகிறது. நாரைகள் எங்கிருந்தோ வந்து பின்னாலேயே நடக்கின்றன, பயப்படவே இல்லை. இவ்வளவுதான். இதில் ஒரு ஜவுளிக்காரன் மனதைப் பறிகொடுக்க என்ன இருக்கிறது? மண்ணாங்கட்டியின் நிலம் முடிந்ததும் ஒழுக்கு நன்றாக நின்றதா என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காக, பக்கத்து நிலத்தையும் உழுதேன். அதற்குப் பக்கத்திலும் உழுதேன். கடைசியில் மண்ணாங்கட்டி வண்டிக்குக் குறுக்கே வந்து நின்று, "இன்னா சாமி, அது சுடுகாட்டு நெலம், அதையும் உழுதுக்கினு போறியே, எறங்க மாட்டியா?" என்று கத்தினார். அப்போதுதான் இறங்கினேன். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை.

ஆகையால் அத்தான், தங்கள் மிஷின் தயார். நாளைக் காலை எழும்பூர் கூட்ஸ் ஷெட்டில் ரயில் வாகனில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். ஏற்றியதும் என் பொறுப்பு தீர்ந்தது. அதன் பிறகு நான் உண்டு, என் கடை உண்டு. கடையைப் பல நாட்களாகக் கணக்குப்பிள்ளை தலையில் போட்டுவிட்டு அலைந்ததில் வாடிக்கைக்காரர்கள் என் முகத்தை மறந்திருப்பார்கள். இந்த இரும்புச் சாமானை இனி ஒரு தரம் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குத் துளியும் இல்லை என்பதை மனப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். வண்டி வந்து சேர்ந்ததும் ஒன்றிரண்டு விஷயம் கவனிக்கவும். கலப்பை தூக்கி இருக்கும்போது அடியில் யாரும் போகக் கூடாது, குழந்தைகளைக் கிட்டவே விட வேண்டாம். நட்டு இறுகியிருந்தால் இறுகியதோடு விட்டுவிடவும். ஒழுகினால் முதலில் துடைக்கவும். விளக்கெண்ணெயை அத்தையின் முழங்காலுக்கு வைத்துக்கொள்ளவும்.

அத்தை பாதங்களில் எங்கள் இருவர் வணக்கமும் சேர்க்கவும். அக்காவுக்கு என் அன்பு. குழந்தைகள் படிப்பும் பல்லும் நன்றாக வளரட்டும். அவ்விடம் வானம் தக்க சமயத்தில் இருண்டு, தக்க அளவில் பெய்து, தங்கள் கரிசல் வெடித்துக் கிடக்காமல் வெள்ளை வெளேரென்று பருத்தி பூக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
கணேசமூர்த்தி

பி.கு.: அண்ணனுக்குத் தங்கபுஷ்பம் எழுதுறது. மேலே ரயில்னு எழுதியிருக்கிறதை நம்ப வேண்டாம். இன்னைக்குக் காலையில கூட்ஸ் ஷெட்டுக்குக் கொண்டுபோனாக. வாகன்ல ஏத்துறதுன்னா குழாயெல்லாம் கழத்தி எண்ணெயைப் பூரா வடிச்சிரணும்னு அங்க இருந்த கிளார்க்கு சொல்லியிருக்காரு. இவுகளுக்கு முகம் மாறிப்போச்சாம். இறுக்கின நட்டை இனி யாரும் தொடப்படாதுன்னு சொல்லிட்டு, வண்டியைத் திருப்பி வீட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டாக. ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, கட்டுச்சோறு எடுத்துக்கிட்டு, கோவில்பட்டிக்கு நானே ஓட்டிட்டுப் போறேன்னு கிளம்பிட்டாக. எம்புட்டுத் தூரம் தெரியுமான்னு கேட்டேன். நேரா தெற்கதான, வழி நெடுக ஜவுளிக்காரங்க இருக்காங்க, எண்ணெய் தண்ணி குடுப்பாங்கங்குறாக. குலாம் முகம்மது பாயும் பட்டறையைப் பூட்டிட்டு மட்கார்டுமேல ஏறிக்கிட்டாரு. ராமானுஜம் சாமியைத்தான் அவர் வீட்டம்மா வந்து சத்தம் போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. கிண்டி வரைக்கும் போய்ச் சேந்துட்டதா ஆள் வந்து சொல்லுச்சு. ஒழுகலையாம். கடையை நான் பாத்துக்கிடுதேன், இன்னைக்கு யாவாரம் நல்லாத்தான் இருக்கு. நிலத்தைப் பூரா உழுது வாங்கிக்கோங்க. அவுகளா இறங்க மாட்டாக, நீங்கதான் பிடிச்சு இறக்கணும். உழவு முடிஞ்சதும் ரயிலேத்தி அனுப்பிவையுங்க. அவுகளை மட்டும்.